இரண்டாவது முகவரிக்குப் போன ரோஜாக்கள்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். நாங்கள் இங்கு நலம், தங்கள் நலமும் தங்கள் இல்லத்தார் நலமும் அறிய ஆவல் என்றுதான் இதுவரை தங்களுக்கு எழுதிய கடிதங்களையெல்லாம் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை அப்படித் தொடங்கக் கை வரவில்லை. நாங்கள் நலமா என்பது எனக்கே உறுதியாகத் தெரியவில்லை. தங்கள் நலம் செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தேகால் மணிவரை நன்றாகத்தான் இருந்திருக்கும். அதற்குப் பிறகு எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஐந்தேகாலுக்குத் தங்கள் வீட்டு வாசலில் ஒரு ரோஜாப் பூங்கொத்து வந்து இறங்கியது. இருபது பூ, அத்தனையும் சிவப்பு. அதில் செருகியிருந்த அட்டையில் இருப்பது என் கையெழுத்து. கட்டியிருந்த கடைச் சீட்டில் அனுப்புநர் என்று இருப்பது என் பெயர். பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட்டவர் தங்கள் துணைவியார். பூக்கடைக்கார அம்மா இதையெல்லாம் போனில் சொன்னபோது நான் நூலகத்தில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் நாற்காலி இருந்ததால் பிழைத்தேன். அன்று மாலையிலிருந்து இன்று வெள்ளிக்கிழமை காலைவரை தங்கள் எண்ணுக்குப் பதினேழு முறை அழைத்துவிட்டேன். தாங்கள் எடுக்கவில்லை. எடுக்காதது நியாயம்தான். தங்கள் துணைவியாரின் எண்ணும் என்னிடம் இருக்கிறது, ஆனால் இந்த நிலைமையில் அவரை நான் அழைப்பது இரண்டாவது பூங்கொத்து அனுப்புவதற்குச் சமம். பிள்ளைகள் இருவரும் வெளியூர் போயிருக்கிறார்கள். இங்கேயே இருந்தாலும், 'உன் மாமியாருக்கு நான் எழுதியது கிடைத்ததாம்மா' என்று பெற்ற மகளிடம் ஒரு தகப்பன் எப்படிக் கேட்பான்? ஆகவே எழுத்து மூலம் விளக்கம் அளிக்கிறேன். முப்பத்துநான்கு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தவன் நான். எது எந்த மாடியில் நின்றுபோனது, ஏன் நின்றுபோனது என்று எழுதிக் கொடுப்பது ஒன்றுதான் எனக்கு ஒழுங்காக வரும்.

பூ என் மனைவிக்கு. இதை முதல் வரியிலேயே எழுதியிருக்க வேண்டும்.

நான் ஓய்வு பெற்று எட்டு மாதமாகிறது. ஓய்வு பெற்றவன் பேப்பரைப் படித்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் வீட்டை ஆய்வு செய்ய ஆரம்பித்தேன். சமையலறை அலமாரியின் ஒவ்வொரு தட்டிலும் 'அதிகபட்சப் பாரம் பன்னிரண்டு கிலோ' என்று எழுதி ஒட்டினேன். கதவுக் கீல், பால்கனிக் கம்பி, தண்ணீர்க் குழாய் எல்லாவற்றுக்கும் தேதி போட்டு ஒரு நோட்டு வைத்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே பிரிவில் இருக்கிறாள், அவளுக்கு இன்னும் மூன்று வருஷம் சர்வீஸ் இருக்கிறது. வேலை முடிந்து களைத்து வருகிறவளை வாசலிலேயே நிறுத்தி, "ஆறு பத்துக்கு வர வேண்டியவ, ஆறு முப்பத்தஞ்சு ஆயிடுச்சே?" என்று கேட்பேன். கவலையில்தான் கேட்டேன், சம்பந்தி. ஆனால் கவலையைக் கவலை மாதிரிக் கேட்க எனக்குத் தெரியாது. லாக்புக்கைப் பார்த்துக் கேள்வி கேட்பது போலத்தான் வாயில் வரும். ஒரு நாள் அவள் செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்று, "முப்பது வருஷத்துல, ஏன் லேட்டுன்னு நான் உங்கள ஒரு நாளாவது கேட்டிருக்கேனா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். கேட்டதில்லை. ஊரில் எங்காவது ஒரு கட்டடத்தில் யாராவது இரண்டு மாடிக்கு நடுவே மாட்டிக்கொண்டிருப்பார்கள், நான் பையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். திரும்பி வரும்போது சாப்பாடு மூடி வைத்திருக்கும். அவள் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போயிருப்பாள். தூக்கம் வந்தால் படுக்க வேண்டியதுதானே என்று அந்தக் காலத்தில் கோபித்திருக்கிறேன்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு படிவத்தோடு வந்தாள். அவளுடைய ஆஸ்பத்திரி வேறு ஊரில் புதுக் கிளை திறக்கிறது. எக்ஸ்ரே பிரிவுக்கு அனுபவசாலி ஒருவர் ஒரு வருஷத்துக்கு வேண்டுமாம், தங்க இடம் கொடுப்பார்களாம். "எழுதிக் குடுக்கலாம்னு இருக்கேன்," என்றாள்.

"என்மேல கோவமா?"

"கோவம் இல்ல. வீட்டுக்குள்ள நுழையறப்ப பரீட்சைக்குப் போற மாதிரி இருக்கு. கொஞ்ச நாள் பரீட்சை இல்லாம இருந்து பாக்கறேன்."

சத்தம் போட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே, என் சட்டைக் காலரைத் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னாள். படிவத்தை ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு காந்தத்தை வைத்து மாட்டினாள். கொடுக்கக் கடைசி நாள் இன்று, வெள்ளிக்கிழமை. பத்து நாள் நான் அந்தக் கதவைத் திறந்து தண்ணீர் எடுக்காமல் குழாயில் பிடித்துக் குடித்தேன்.

ரோஜா எப்படி நினைவுக்கு வந்தது என்று கேட்பீர்கள். லிஃப்டிலேயே வாழ்ந்தவன், எல்லாவிதமான ஆட்களையும் பார்த்திருக்கிறேன். பூங்கொத்து பிடித்திருப்பவன் மட்டும் பட்டனைத் தானாக அழுத்த மாட்டான். "அஞ்சாவது மாடி, கொஞ்சம் அழுத்திடுங்க சார்," என்று என்னிடம் சொல்வான். எனக்கு எரிச்சலாக இருக்கும். ஒரு கையால் அழுத்தினால் என்ன என்று நினைப்பேன். எத்தனையோ பேருக்கு எத்தனையோ மாடி அழுத்திக் கொடுத்திருக்கிறேன். ஒரு தடவைகூட நான் அப்படி யாரிடமும் சொல்ல வேண்டியிருந்ததில்லை. இந்த எண்ணம் போன ஞாயிற்றுக்கிழமை பல் தேய்க்கும்போது வந்தது. அதற்குப் பிறகு போகவே இல்லை.

முதலில் அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள நினைத்தேன். முப்பத்திரண்டு வருஷம் கூட இருந்தவனுக்கு அது தெரியவில்லை என்பதைத் தாங்கள் யாரிடமும் சொல்ல வேண்டாம். சாமர்த்தியமாக, பேச்சோடு பேச்சாக, "உனக்கு எந்த நிறம் பிடிக்கும்?" என்று கேட்டேன். அவள் கரண்டியோடு திரும்பி, "சுவத்துல கை வெச்சீங்கன்னா நான் இன்னைக்கே கிளம்பிடுவேன்," என்றாள். நான் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்கத் திட்டம் போடுவதாக அவள் முடிவுசெய்துவிட்டாள். அன்று முழுக்க நான் எந்தச் சுவர்ப் பக்கம் போனாலும் பின்னாலேயே வந்து பார்த்தாள். திங்கட்கிழமை துணிச்சலாகக் கிளம்பி, தவறுதலாகப் பிளாஸ்டிக் பூக்கடைக்குள் நுழைந்துவிட்டேன். தவறுதலாக என்பதுகூட முழு உண்மை இல்லை. வாடாது, உதிராது, தூசி பட்டால் குழாயடியில் காட்டிக் கழுவிக்கொள்ளலாம் என்று கடைக்காரர் சொன்னதும் என் மனம் அதில் விழுந்துவிட்டது. காம்பை வளைத்துப் பார்த்தேன், உள்ளே நல்ல கம்பி. வாங்கியே இருப்பேன். அப்போது அங்கே ஒரு பல் டாக்டர் தன் கிளினிக் வரவேற்பறைக்கு அதே பூவில் நான்கு டஜன் வாங்கிக்கொண்டிருந்தார். பல்வலியோடு உட்கார்ந்திருப்பவர்களும் என் மனைவியும் ஒரே பூவைப் பார்க்க வேண்டாம் என்று வெளியே வந்துவிட்டேன்.

அசல் பூக்கடை, மருந்துக்கடைக்கும் சாவி செய்கிறவர் கடைக்கும் நடுவில் இருக்கிறது. நடத்துகிறவர் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், முள் குத்தாமல் இருக்க விரல் நுனிகளில் பிளாஸ்டர் சுற்றியிருந்தார்.

"யாருக்கு சார்?"

"வீட்டுக்கு."

"வீட்டுக்குன்னா, மேசையில வைக்கவா?"

"இல்ல, வீட்டுல இருக்கவங்களுக்கு."

"பொண்டாட்டிக்குன்னு சொல்லுங்களேன். அதுல என்ன இருக்கு? பிறந்தநாளா?"

"இல்லம்மா."

"கல்யாண நாளா?"

"அது நாலு மாசம் முன்னாடியே போயிடுச்சு."

"மறந்துட்டீங்களாக்கும்."

"மறக்கலம்மா. டார்ச் லைட் வாங்கிக் குடுத்தேன்."

அந்த அம்மா கையிலிருந்த கத்தரியைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "அப்ப சிவப்புதான்," என்றார்.

மஞ்சள், வெள்ளை, இளஞ்சிவப்பு எல்லாம் வாளி வாளியாக இருந்தன. மஞ்சள் நண்பர்களுக்காம், வெள்ளை துக்கத்துக்கும் போகுமாம், இளஞ்சிவப்பு நன்றி சொல்ல. நன்றி சொல்லவும் எனக்கு நிறைய இருக்கிறதே என்று இழுத்தேன். "எல்லாத்தையும் ஒரே நாள்ல சொன்னா பயந்துடுவாங்க சார்," என்றார் அவர். நான் ஒரு பூவை எடுத்து, காம்பைத் திருப்பி, அடியில் சாய்வாக வெட்டியிருக்கிறார்களா என்று பார்த்தேன். மொட்டின் அடிப்பகுதியை அமுக்கிப் பார்த்தேன். அமுக்க வேண்டாம் என்று அவர் சொல்வதற்குள் ஒன்பது பூவை அமுக்கியிருந்தேன். வழக்கம்போல, "எத்தன நாள் தாங்கும்?" என்று கேட்டேன்.

அவர் இரண்டு வாளிகளைக் காட்டினார். "இது பத்து நாள் நிக்கும். ஆனா மோந்து பாருங்க, ஒண்ணும் இருக்காது. அது மூணு நாள்தான், அப்புறம் உதிர்ந்துடும். ஆனா உள் ரூம்ல வெச்சீங்கன்னா வாசல்ல நிக்கறவங்களுக்கே தெரியும். உங்களுக்கு எது?"

சம்பந்தி, நான் அந்த இரண்டு வாளிக்கும் நடுவே வெகு நேரம் நின்றேன். என் சர்வீஸில் போட்ட அத்தனை கையெழுத்தும் 'இது தாங்குமா' என்ற ஒரே கேள்விக்குத்தான். தாங்கும் என்றால் போடுவேன், தாங்காது என்றால் பூட்டிவிடுவேன். வீட்டையும் அப்படித்தான் நடத்தியிருக்கிறேன் போலிருக்கிறது. கட்டில் வாங்கினாலும் குடை வாங்கினாலும் எத்தனை வருஷம் வரும் என்றுதான் பார்த்தேன், வாங்கித் தந்ததெல்லாம் இன்றைக்கும் உழைக்கிறது. அவள் சந்தோஷப்பட்டாளா என்று எந்த நோட்டிலும் இல்லை. அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து, மூச்சை இழுத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நிற்பாள். மருந்து வாடை போவதற்காக நிற்கிறாள் என்பது அந்த வாளிகளுக்கு நடுவே நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. ஜன்னல் திறந்திருந்தால் கொசு வரும் என்று நான் பின்னாலேயே போய் மூடியிருக்கிறேன்.

"மூணு நாள் வாளி," என்றேன்.

முப்பத்திரண்டு பூ கேட்டேன், வருஷத்துக்கு ஒன்று. அவ்வளவும் கட்டினால் தூக்கவே ஆள் வேண்டும் என்று அந்த அம்மா மறுத்துவிட்டார். "இருபது வெச்சுக்கங்க. மீதி பன்னெண்ட வாயால சொல்லுங்க," என்றார். வாயால் முடியாது என்று சொன்னதும்தான் அட்டையும் பேனாவும் கொடுத்தார். முதல் அட்டையில் 'தங்கள் சேவையைப் பாராட்டி' என்று எழுதிவிட்டேன். இரண்டாவதில் தேதி, கிழமை, நேரம் போட்டேன், அதற்கு மேல் வரவில்லை. நாலாவது அட்டையில்தான், தாங்கள் படித்திருக்கக்கூடிய அந்த வாசகத்தை எழுதினேன்: 'நீ வரும்வரை இந்த வீட்டில் நேரம் நகர மாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் நீயும் எனக்காக இப்படித்தான் உட்கார்ந்திருந்தாயா? எனக்குத் தெரியவில்லை. தெரிந்திருக்க வேண்டும்.' இதில் 'நீ' என்பது என் மனைவி. 'நீ வரும்வரை' என்பதைத் தங்கள் துணைவியார் எங்கள் வீட்டுக்கு வருவது என்று தயவுசெய்து பொருள் கொள்ள வேண்டாம். 'எனக்காக' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவைப்படாது என்று நம்புகிறேன். யாருக்கு என்று மேலே எழுதாமல் விட்டது என் பிழை. வீட்டுக்குத்தானே போகிறது, அவளைத் தவிர அங்கே யார் இருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

இனி முகவரி. கடைப் படிவத்தில் முதல் முகவரியாக எங்கள் வீட்டைப் போட்டேன். அதற்குக் கீழே, கதவு பூட்டியிருந்தால் எங்கே கொடுப்பது என்று ஒரு கட்டம் இருந்தது. அரசாங்கப் படிவமானாலும் பூக்கடைப் படிவமானாலும் ஒரு கட்டத்தைக் காலியாக விட என்னால் முடியாது. எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த இன்னொரு முகவரி தங்களுடையது ஒன்றுதான், மகளைக் கொடுத்த இடம் அல்லவா. எழுதினேன். செவ்வாய்க்கிழமை நாலரைக்குப் பூ வரும் என்றார்கள். அவள் நாலு மணிக்கு வந்துவிடுவாள், காலைப் பணி. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் வீட்டில் இருந்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே வேலை இல்லை.

நான் இல்லை. அதுதான் நடந்தது. மூன்றரை மணியிலிருந்து கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கதவைத் திறந்து அவள் பூவை வாங்குவாள், அட்டையைப் படிப்பாள், படித்துவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்ப்பாள். அந்த இடத்தில் என் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. கண்ணாடிக்கு முன்னால் நின்று இரண்டு விதமாக வைத்துப் பார்த்தேன். ஒன்றில் வயிற்றுவலிக்காரன் மாதிரி இருந்தேன், இன்னொன்றில் ஏதோ திருடியவன் மாதிரி. அவள் வருவதற்குள் கதவைப் பூட்டிக்கொண்டு நூலகத்துக்கு ஓடிவிட்டேன். கயிறு அறுந்த லிஃப்டின் கூரைமேல் இறங்கி வேலை பார்த்திருக்கிறேன், சம்பந்தி. அன்று சாவித் துவாரத்தில் சாவி போகவில்லை. எக்ஸ்ரே பிரிவில் ஒரு இயந்திரம் பழுதாகி, இருக்கிற ஒன்றிலேயே எல்லாரையும் படம் எடுக்க வேண்டி, அவள் ஆறு மணிவரை அங்கேயே நின்றிருக்கிறாள். பூ கொண்டுவந்தவர் மூன்று தடவை மணி அடித்துவிட்டு இரண்டாவது முகவரிக்கு வண்டியைத் திருப்பிவிட்டார். யாரையும் குறை சொல்வதற்கில்லை. கட்டடத்தில் இருக்க வேண்டியவன் இல்லை, அவ்வளவுதான்.

அன்று மாலை நான் வீட்டுக்குள் நுழைந்தபோது அவள் ஜன்னலருகே நின்றிருந்தாள். ஏன் லேட் என்று நான் கேட்கவில்லை. அவளும் எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. நூலகத்தில் என்ன படித்தேன் என்று கேட்டிருந்தால்கூட எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். மூன்று நாளாக இப்படித்தான் போகிறது. இன்று காலை ஃப்ரிட்ஜ் கதவைப் பார்த்தேன், காந்தம் மட்டும் இருக்கிறது. படிவம் இல்லை. கொடுக்கத்தான் எடுத்துப் போயிருக்கிறாள்.

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தங்கள் துணைவியார்மீது ஒரு சொல்லும் கடிந்து சொல்ல வேண்டாம். அவர் செய்ததெல்லாம் கதவைத் திறந்ததுதான். அச்சகத்திலிருந்து தாங்கள் எப்போது வீடு திரும்புவீர்கள் என்று தெரியாமல் அவரும் பாதி நாள் தனியாகத்தான் இருக்கிறார் என்று மகள் சொல்லியிருக்கிறாள். அந்த நேரத்தில் இப்படி ஒன்றை நான் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருக்கக் கூடாது. இதனால் பிள்ளைகள் வாழ்க்கையில் ஒரு சிறு சுருக்கமும் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நேரில் வந்து தங்கள் இருவரிடமும் மன்னிப்புக் கேட்கச் சித்தமாக இருக்கிறேன். அட்டையை முடிந்தால் திருப்பி அனுப்புங்கள். பூவைக் கேட்கவில்லை, அது இந்நேரம் உதிர்ந்திருக்கும்.

பிள்ளைகளுக்கு என் ஆசிகள். வயதில் எனக்கு நாலு மாதம் மூத்தவரான தங்களுக்கு ஆசி கூற எனக்கு உரிமை இல்லை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்லி, என்றும் தங்கள் நல்லெண்ணத்தை நாடி நிற்கும்,

தங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: உறையில் போடுவதற்குள் என் மனைவி மதியமே வந்துவிட்டாள். கடிதத்தின்மேல் உட்கார்ந்து மறைக்கப் பார்த்தேன், "எழுந்திருங்க" என்றாள், எழுந்துவிட்டேன். எல்லாப் பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில், "சம்பந்திக்கு இதுல ஒண்ணுமே தெரியாதே," என்றாள்.

தங்கள் போன் திங்கட்கிழமையே அச்சகத்தில் மை வாளிக்குள் விழுந்து ரிப்பேருக்குப் போயிருக்கிறதாம். தாங்கள் கோபத்தில் எடுக்காமல் இல்லை. போனே தங்களிடம் இல்லை. செவ்வாய்க்கிழமை தாங்கள் திரும்புவதற்குள் சம்பந்தி அம்மா பூவை உள்ளறையில் வைத்துவிட்டாராம், மை வாடையில் தங்களுக்கு வாசனை தெரியவில்லையாம். புதன்கிழமை காலை சம்பந்தி அம்மா அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ் ஏறி, எக்ஸ்ரே பிரிவுக்கே நேரில் போய், "உங்க வீட்டுக்காரர் உங்களுக்கு அனுப்பினது, வழி தவறி வந்துடுச்சு," என்று என் மனைவியிடம் கொடுத்திருக்கிறார். நேற்றுவரை அது எக்ஸ்ரே பிரிவு மேசையில்தான் இருந்திருக்கிறது.

"மூணு நாளா ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்களாச் சொல்றீங்களான்னு பாத்தேன்," என்றாள். "சம்பந்திகிட்ட ஆறு பக்கம் சொல்றீங்க. எங்கிட்ட ஒரு வரி வரல."

படிவத்தைக் காலையிலேயே கொடுத்துவிட்டாள். ஒரு வருஷம் என்றிருந்த இடத்தில் அடித்து, ஆறு மாதம் என்று எழுதியிருக்கிறாள். பூவினாலா என்று கேட்க வாயெடுத்தேன். "பூ உதிர்ந்துடுச்சு," என்று முடித்துவிட்டாள். சனிக்கிழமைகளில் நான் அங்கே போய் இருக்கலாமாம், நோட்டு இல்லாமல்.

ஆக, இந்தக் கடிதத்தில் நான் விளக்கியிருக்கும் குற்றம் தங்களுக்கு இந்தக் கடிதத்தால்தான் தெரிய வருகிறது. கிழித்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். என் மனைவி வேண்டாம் என்று உறையை வாங்கித் தானே முகவரி எழுதிவிட்டாள். காரணம், சம்பந்தி அம்மா பூவைக் கொடுத்தாரே தவிர அட்டையைக் கொடுக்கவில்லை. "இத மட்டும் நான் வெச்சுக்கட்டுமா, எனக்கு யாரும் இப்படி எழுதினதில்ல" என்று கேட்டாராம். இவளும், "வெச்சுக்கங்க, நான் படிச்சுட்டேன்," என்று சொல்லிவிட்டாளாம்.

அது தங்கள் வீட்டில்தான் எங்கோ இருக்கிறது, சம்பந்தி. தேட வேண்டாம். அவருக்குத் தாங்களே வேறொன்று எழுதுங்கள்.